திங்கட்கிழமை சேரும் தாள்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. என் அக்கா என்னிடம் கேட்டது ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும் என்றாள். நான்கு மாதமாகிறது. கடிதம் வரவில்லை, அதற்கு வைத்திருந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா நகராட்சியின் சமூகநலப் பிரிவில் கண்காணிப்பாளர். தனியாக வாழும் முதியவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள், இவர்கள் வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்பி வைப்பது அவள் வேலை. உதவியாளர்கள் போய்க் குளிப்பாட்டுவார்கள், மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள், துணி மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவார்கள். பெருந்தொற்று வந்த முதல் வருடத்தில், அவள் பட்டியலில் இருந்த ஒருவர், ஒரு காலத்தில் பேருந்து நிலைய அறிவிப்பாளர், இறந்துபோனார். தொற்றால் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகள் நகராட்சிக்கு எழுதி விவரம் கேட்டாள். அலுவலகம் பதில் அனுப்பியது. அதில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது, தேதி இருந்தது, கோப்பு எண் இருந்தது. மகள் மறுபடியும் எழுதினாள். இந்த முறை மூன்றே வரி.

"ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது அப்பா எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை அவர் எப்படி இருந்தார் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்."

சனிக்கிழமை அவரிடம் பேசியது அக்கா. அதனால் அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

"நீதான் எழுதறவளாச்சே. எழுதிக் குடுடி," என்றாள்.

என் எழுத்தைப் பற்றி அக்கா வாய் திறந்தது இருபது வருடத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை என் தொகுப்பைப் படித்துவிட்டு, "உன் கதையில எல்லாரும் ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே இருக்காங்க. ஒருத்தராவது எந்திரிச்சு வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டிருந்தாள். எனவே இந்தக் கதையில் ஜன்னல் கிடையாது. எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள்.

2

தொடக்கங்கள், எழுதிய வரிசையில்:

(அ) அறிவிப்பாளர் போன பிறகும் அவருடைய குரல் மட்டும் அந்த அறையில்

[நிறுத்திவிட்டேன். இந்த மாதிரி வாக்கியம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணீர் வரவழைக்கும் என்று தெரிந்தே எழுதுவேன். மகள் இதைப் படிப்பாள் என்று நினைத்ததும் கை கூசியது.]

(ஆ) அந்த வருடம் நூலகம் மூடப்பட்டது. நூலகர்கள் தொலைபேசி எடுத்துப் பேச வந்தார்கள். விளையாட்டு அரங்கம் மூடப்பட்டது. அங்கே உணவுப் பொட்டலம் கட்டினார்கள். வண்டி நிறுத்துமிடங்களில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். திருமணப் பதிவு எழுத்தருக்குப் பதிவு செய்யத் திருமணமே இல்லாததால் அவர்

[ஆண்டறிக்கை மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது, திருமணப் பதிவு எழுத்தர் மட்டும் இல்லை.]

(இ) மதிப்பிற்குரிய அம்மா,

[கடிதத்தின் தொடக்கம். நான்கு மாதமாகத் திரும்பத் திரும்ப இந்தக் காற்புள்ளிக்கே வந்து நிற்கிறேன்.]

மூன்றில் (ஆ)வை வைத்துக்கொள்கிறேன். அழகில்லைதான். ஆனால் அதில் இருப்பவர்கள் எல்லாரும் ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்கள்.

3

அக்காவின் பொறுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். உதவியாளர்கள் நாற்பத்தொரு பேர். தொற்று பரவத் தொடங்கிய மூன்றே வாரத்தில் அந்த நாற்பத்தொன்று இருபத்து நாலாகிவிட்டது. சிலருக்கு நோய் வந்தது; சிலர் வீட்டில் கைக்குழந்தை; ஒரு பெண்ணை அவள் மாமியார் வீட்டுக்குள்ளேயே விட மறுத்தார். எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியாது என்று ஆனதும் அக்கா பட்டியலை இரண்டாகப் பிரித்தாள். நேரடிப் பட்டியல், தொலைபேசிப் பட்டியல். முதல் பட்டியலுக்கு ஆள் போகும். இரண்டாவதற்கு ஞாயிறு தவிரத் தினமும் ஒரு போன் போகும்.

யார் எந்தப் பட்டியல் என்று முடிவு செய்ய ஒரு படிவம் இருந்தது. தானாக எழுந்து நிற்க முடியுமா, நினைவு தெளிவா, வீட்டில் வேறு யாராவது உண்டா என்று பதினோரு கேள்விகள். அவளும் இன்னும் சிலரும் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆனால் போனில் கேட்கும்போது எழுந்து நிற்பதை யார் பார்த்தார்கள்? குரல் தெம்பாக இருந்தால் தொலைபேசி, குரல் உடைந்தால் நேரடி என்று ஆகிப்போனது. அப்படி ஒரு விதியை யாரும் எழுதவில்லை. படிவத்தை நிரப்பிய எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

அறிவிப்பாளருக்கு அந்தக் குரல் இருந்தது. முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்னவர். மனைவி போய்ப் பல வருடம். ஒருமுறை பக்கவாதம் வந்து இடது கால் பலமிழந்திருந்தது. வாரம் மூன்று நாள் உதவியாளர் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருவார். போனை எடுத்தால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. படுக்கையறையிலிருந்து சமையலறை செல்லும் வண்டி கால் வலி காரணமாகப் பத்து நிமிடம் தாமதம்," என்பார். அக்கா சிரித்துவிடுவாள். அந்த மாதங்களில் அவளைச் சிரிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் முயன்று தோற்றிருக்கிறேன்.

அவரைத் தொலைபேசிப் பட்டியலுக்கு மாற்றியபோது அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். நான்கு மாதமாக அவள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

"ஐயா, ஆள் பத்தல. உங்கள விட முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க."

அவர், "அப்ப அவங்களப் பாருங்கம்மா. நான் பேசியே சமாளிச்சுக்குவேன்," என்றார்.

[இங்கே ஒரு சந்தேகம். நான் இவரைப் பார்த்ததில்லை. முதல் வரைவில் இவருக்கு ஒரு பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். அக்கா படித்துவிட்டு, சட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவர் பார்க்க எப்படி இருப்பார் என்று நான் திருப்பிக் கேட்டேன். "நானும் பாத்ததில்லடி," என்றாள். வீட்டுக்குப் போனவர்கள் உதவியாளர்கள். அக்காவுக்கு அவர் ஒரு கோப்பு, பிறகு ஒரு குரல். பார்க்காத ஒருவரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டையை எடுத்துவிட்டேன்.]

4

நகராட்சி ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகவே இந்தப் பகுதி. கதைக்குத் தேவையில்லை என்று தோன்றினால் தாண்டிப் போங்கள், ஆனால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நூலகத்தின் மாடியில், மேசைக்கு மேசை இடம் விட்டு, அக்காவையும் சேர்த்து எட்டுப் பேர் காலை ஒன்பதிலிருந்து போன் போட்டார்கள். யாராவது எடுக்காவிட்டால் கால்மணி இடைவெளியில் மூன்று முறை. அப்போதும் எடுக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் நேரில் போக வேண்டும். இந்த விதியால் மயங்கிக் கிடந்த ஒரு அம்மாளைக் காப்பாற்றினார்கள். ஒரு நூலகர், கண் தெரியாத ஒரு பெரியவருக்குத் தினம் ஒரு அத்தியாயம் போனிலேயே படித்துக் காட்டி ஒரு நாவலை முடித்தார். திருமணப் பதிவு எழுத்தர் தன்னுடைய பதினாறு பேருக்கும் மாத்திரை நேரத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். மாத அறிக்கையில், நூறு அழைப்புக்குத் தொண்ணூற்று எட்டுக்குப் பதில் கிடைத்தது என்று வந்தது. அக்கா அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அது என் பங்கு.

போன் பேசியவர்களிடம் ஒரு தாள். அதில் ஒவ்வொரு பேருக்கு நேராகவும் "பதில் கிடைத்தது" என்ற கட்டத்தில் ஒரு டிக். பொட்டலம் கொண்டுபோனவர்களிடம் இன்னொரு தாள். கதவுக் கைப்பிடியில் பையை மாட்ட வேண்டும், இரண்டு தட்டு தட்ட வேண்டும், போய்விட வேண்டும். ஆரம்பத்தில் கதவு திறக்கும்வரை எட்ட நின்றார்கள். வீடுகள் கூடக் கூட அதற்கு நேரமில்லாமல் போயிற்று. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தாளின் ஓரத்தில் "குறிப்பு" என்ற கட்டத்தில் எழுதலாம்.

அந்த இரண்டாவது தாள் விளையாட்டு அரங்கத்துக்குப் போகும். அரங்கத்து ஆட்களும் நூலகத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒரு கட்டிடத்தில் தொற்று வந்தால் இன்னொன்றாவது ஓட வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அப்புறம் தாள். வீடு வீடாகப் போய் வந்த தாளில் கிருமி இருக்கும் என்று அப்போது எல்லாரும் பயந்தோம். நான் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் தாள்களை ஒரு மூடிபோட்ட பெட்டியில் இரண்டு நாள் வைத்து, அதன் பிறகுதான் நூலகத்துக்கு அனுப்பினார்கள். மனிதர்களைப் போலத் தாள்களையும் தனிமைப்படுத்தினார்கள். சனிக்கிழமைத் தாள் திங்கட்கிழமை வரும்.

அந்தப் பெட்டியை வாங்கி வைக்கச் சொன்னது அக்கா.

5

இனி நடந்தது. இதில் எனக்கு வேலை எதுவும் இல்லை, வரிசையாகச் சொல்வதைத் தவிர.

வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பாளர் விழுந்தார். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, இடது பக்கமாக. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இது பிறகு மருத்துவர் சொன்னது. போன் கையில் இருந்தது.

பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். வழக்கமாகப் போன் ஆறேழு தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பார், கால் அப்படி. அன்று முதல் மணியிலேயே எடுத்தார். இன்றைக்கு ரொம்ப சுறுசுறுப்பாக இருக்கிறீர்களே என்று அக்கா கேட்டாள். "வண்டி இன்னிக்குப் பக்கத்துலயே நிக்குதும்மா," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா டிக் போட்டாள்.

சனிக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்துக்காரர் ஒருவர் பொட்டலத்தோடு போனார். வெள்ளிக்கிழமைப் பை கைப்பிடியிலேயே தொங்கியது. அவர் கதவைத் தட்டினார். இரண்டு தட்டு போதும் என்று விதி. இவர் நாலு தட்டு தட்டினார். பதில் இல்லை. போனில் பேசுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து, "நேற்றைய பை எடுக்கப்படவில்லை" என்று குறிப்புக் கட்டத்தில் தெளிவாக எழுதினார். பார்த்தேன் அந்தத் தாளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தாள் பெட்டிக்குள் போனது.

அதே சனிக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். மறுபடியும் முதல் மணி. குரல் கொஞ்சம் வறண்டிருந்தது. தொண்டை சரியில்லையா என்று கேட்டாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள். குடிக்கிறேன் என்றார். அவள் வைக்கப் போகும்போது, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"நாளைக்குக் கூப்பிடுவீங்களாம்மா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஐயா. திங்கட்கிழமை மொத போன் உங்களுக்குத்தான்."

"சரிம்மா. நீங்களும் மனுஷங்கதானே. ரெஸ்ட் எடுங்க."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அக்கா முதல் போனை அவருக்குத்தான் போட்டாள். மூன்று முறை. பெட்டியிலிருந்து தாள் பத்தரைக்கு வந்தது. அதற்குள் கதவைத் திறந்திருந்தார்கள். ஞாயிறு விடிவதற்கு முன்பே போய்விட்டார் என்றார் மருத்துவர்.

[கையில் போன் இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஏன்? நான் நான்கு காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி பயம்: அந்த மாதங்களில் உள்ளே போனவர்கள் தனியாகப் போனார்கள், பல பேர் திரும்பவில்லை. மகளைப் பதற வைக்கக் கூடாது என்ற எண்ணம். வெட்கம். நாளைக்குச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. நான்கையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவளிடம் ஒரே காரணம்தான் இருக்கிறது. "நான்தான் சொன்னேனே, உங்கள விட முடியாதவங்க இருக்காங்கன்னு. அவரு அவங்களுக்கு வழி விட்டுட்டாரு," என்றாள். அதை மறுக்க ஒரு வாக்கியம் தேடினேன், இன்னும் தேடுகிறேன்.]

6

இப்போது முடிவுகள். கடிதத்துக்கு மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவு: "சனிக்கிழமை உங்கள் அப்பா நன்றாகப் பேசினார், சிரித்தார். தூக்கத்தில் அமைதியாகப் போய்விட்டார்." அலுவலகத்துக்குப் பிடிக்கும், யாருக்கும் வம்பில்லை. இதை எழுதி முடித்து உறையில் போட்டும்விட்டேன். அப்புறம் மகளின் மூன்று வரியை இன்னொரு தடவை படித்தேன். சனிக்கிழமை அவர் நன்றாக இருந்தார் என்றால், மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. தூங்குகிறார் என்று விட்டுவிட்டவள் அவள். நாங்கள் ஆறுதல் என்று அனுப்பும் பொய், எல்லாவற்றையும் கொண்டுபோய் அவள் தலையில் கட்டிவிடும். உறையைக் கிழித்தேன்.

இரண்டாம் முடிவு: ஐந்தாம் பகுதியில் உள்ளதை அப்படியே எழுதுவது. அவள் கூப்பிட்ட நேரத்தில் அவர் உயிரோடு இல்லை, அவள் செய்யாமல் விட்டது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதோடு, தன் அப்பா ஒன்றரை நாள் தரையில் கிடந்து, இரண்டு தடவை போனை எடுத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார் என்பதும் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு ஒரு மனுஷி எப்படி இரவு சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் முடிவு கடிதமே இல்லை. சனிக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்துக்காரர் தாளைப் பெட்டியில் போடாமல் நேரே நூலகத்துக்கு நடக்கிறார். உள்ளே விடமாட்டார்கள், தெருவில் நின்று மாடியைப் பார்த்துக் கத்துகிறார். அக்கா பேனாவைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். கதவை உடைக்கிறார்கள். அவர் தரையில் கிடந்தபடி, "வண்டி வர இவ்வளவு நேரமா?" என்கிறார். ஒன்பது பக்கம். நான் இதுவரை எழுதியதில் இதுதான் நன்றாக வந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

அக்கா அதைத் தன் சமையலறை மேசையில் வைத்துப் படித்தாள். இதை எழுத எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டாள். இரண்டு நாள் என்றேன்.

"சனிக்கிழமை மத்தியானம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சேன். போர்வையெல்லாம் துவைச்சு காயப்போட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கினேன். ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான்டி நல்லா தூங்கினேன். எழுதறதுன்னா அத எழுது."

எழுதிவிட்டேன்.

[ஆண்டறிக்கையில் உள்ளது: அந்த வாரமே பெட்டியை எடுத்துவிட்டார்கள். இரண்டு தாளும் ஒரே தாளாகிவிட்டது. போனில் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதோடு விடுவதில்லை. "நான் லைன்ல இருக்கேன், எந்திரிச்சுப் போய் கதவுல இருக்கற பையை எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். பை உள்ளே வரும் சத்தம் கேட்டால்தான் டிக். இந்த முறையால் அடுத்த மாதமே விழுந்து கிடந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து நகராட்சிகள் வந்து கற்றுக்கொண்டு போயின. அக்காவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அறிக்கையில் அறிவிப்பாளரைப் பற்றி, "ஒரு துயர நிகழ்வைத் தொடர்ந்து" என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன்.]

7

இன்று காலை கடிதம் தயாரா என்று கேட்டு அக்கா வந்தாள். கடிதம் இல்லை, இதுதான் இருக்கிறது என்று முந்தைய ஆறு பகுதிகளையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நடுவில் பேனா கேட்டாள். எங்கோ ஓரிடத்தில் நான் அவளைப் பற்றி "பாவம்" என்று எழுதியிருந்தேன்; அதை மட்டும் அடித்தாள். நீங்கள் தேடினால் கிடைக்காது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு கேட்டது உன்கிட்ட இல்லல்ல."

கைப்பையிலிருந்து மகளின் கடிதத்தை எடுத்தாள். கீழே இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். வெளிநாட்டில் இப்போது என்ன நேரம் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அக்கா தான் யார் என்று சொன்னாள். எந்த நகராட்சி, எந்தப் பிரிவு என்று சொன்னாள். எனக்கு அவள் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ஆமாம்மா. கடைசியா அவர்கிட்ட பேசினது நான்தான்."

"சனிக்கிழமை. பதினோரு மணிக்கு."

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்தில் அழுகையா கேள்வியா, தெரியாது. அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"சொல்றேம்மா. எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல..."

நான் எழுந்து அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மரியாதைக்காக என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. உள்ளே இருந்திருந்தால் கேட்டிருப்பேன், கேட்டிருந்தால் எழுதியிருப்பேன், எழுதியிருந்தால் அதையும் இரண்டு நாளில் அழகாக்கியிருப்பேன்.

நாற்பது நிமிடம் பேசினாள். என்ன சொன்னாள், எங்கே தொடங்கினாள், பட்டியல் மாற்றியபோது அவரிடம் தான் சொன்ன அந்த வாக்கியத்தையும் சொன்னாளா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவளுக்குத் தெரிந்த அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். நான் எதையும் மறைக்கவில்லை. இனி அக்காவின் இடத்தில் நீங்கள்தான். போன் உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் மகள் காத்திருக்கிறாள், எல்லாவற்றையும் சொல்லலாமா என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அவளும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டாள்.